நாலு ஸ்பீக்கர் மரியராஜ்

ஏழாங்கட்டைத் தோட்டத்தில் மரியராஜ் என்ற பேரில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் பால்மரம் சீவுகிறவர். அவரைக் குட்டை மரியராஜ் என்பார்கள். இன்னொருவர் லாரி ஓட்டுகிறவர். மூன்றாமவருக்குப் பாட்டுக்கார மரியராஜ் என்றுதான் வெகுகாலம் பேர் இருந்தது. அவர் கார் வாங்கி, அதிலிருந்த ஒரு ஸ்பீக்கர் போதாமல் நாலு ஸ்பீக்கர் மாட்டிய பிறகு அந்தப் பேர் போய், நாலு ஸ்பீக்கர் மரியராஜ் என்றானது. முதலில் கொஞ்சம் பொறாமையோடு அப்படிச் சொன்னார்கள். பிறகு வெறுப்போடு சொன்னார்கள்.

அந்த மலாய்நாட்டு ரப்பர் தோட்டம் சிடாம் கிரி என்ற ஊரைத் தாண்டி உள்ளே இருந்தது. மரியராஜ் 1938இல் அங்கேயே பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் மரம் சீவியவர்கள். பதினேழு வயதில் அவருக்கு ரப்பர் ஆலையில் வேலை கிடைத்தது. ஆலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்பார்கள். வெயில் இல்லை, மழை இல்லை, கொசுக்கடி இல்லை. சம்பளமும் காட்டு வேலையைவிடக் கூடுதல். ஸ்டோர் வேலைக்காரன் என்றால் பெண் கொடுக்க யோசிக்க மாட்டார்கள்.

அவர் நின்றது ஒட்டுப்பால் அரைக்கும் இயந்திரத்தில். கொட்டாங்கச்சியிலும் பட்டையிலும் உறைந்து கிடக்கும் பாலைச் சுரண்டி மூட்டை மூட்டையாகக் கொண்டுவருவார்கள். அதைக் கழுவி, இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே விட்டால் பாய்போல நசுங்கி வெளியே வரும். உருளைகளின் உறுமலும், பக்கத்து அறையிலிருந்த டீசல் எஞ்சினின் இடியும், தகரக் கூரையில் மோதித் திரும்பும் எதிரொலியும் சேர்ந்துவிடுவதால், உள்ளே நிற்பவர்கள் ஒருவர் காதில் ஒருவர் வாயை வைத்துக் கத்தினால்தான் பேச்சு விழும். பெரும்பாலும் கைச்சாடையிலேயே வேலை நடந்தது. ஆரம்ப வருடங்களில் வேலை முடிந்து வெளியே வந்தால் மரியராஜின் காதுக்குள் சில்வண்டு கத்துகிற மாதிரி ஓர் இரைச்சல் இருக்கும். தூங்கி எழுந்தால் போய்விடும். எந்த வருடத்திலிருந்து அது போகாமல் தங்கிவிட்டது என்று அவருக்கே நினைவில்லை.

சுங்கை பட்டாணியில் இருந்த மாதாகோயிலின் பாட்டுக்குழுவில் அவர் பாடினார். நல்ல கனமான குரல். பெரிய வெள்ளியன்று அவர் தனியாகப் பாடும்போது தோட்டத்துப் பெண்கள் மட்டுமல்ல, டவுன் பெண்களும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அழுவார்கள் என்று அவருடைய மனைவி கேதரின் பெருமையாகச் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வரத்தான் முக்கியமாக அந்தக் காரை வாங்கினார். 1976இல், ஓர் ஆசிரியர் ஓட்டி வைத்திருந்த பழைய ஜப்பான் கார். பச்சை நிறம். முன்பலகையில் ஒரு ரேடியோ. அதற்குக் கீழே, கம்பெனியிலேயே வைத்து வந்த ஒரே ஒரு ஸ்பீக்கர்.

மூன்று வருடம் அந்த ஸ்பீக்கரைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. 1979இல் ஈஸ்டர் முடிந்து இரண்டு மூன்று வாரம் இருக்கும். கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் ரேடியோவில் தமிழ்ச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. மரியராஜ் குமிழை இன்னும் கொஞ்சம் திருகினார்.

"இந்த ஸ்பீக்கர் ரோசாக் ஆயிருச்சு, கெட்டுப்போச்சு போல," என்றார். "செய்தி வாசிக்கிறவன் வாயில வெத்தலைய அடக்கிக்கிட்டுப் பேசுற மாதிரி இருக்கு."

"நல்லாத்தானேங்க கேக்குது," என்றாள் கேதரின்.

"சத்தம் கேக்குது. வார்த்தை கேக்கல."

அடுத்த சனிக்கிழமை காரைச் சுங்கை பட்டாணிக்கு ஓட்டிக்கொண்டு போனார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தர்மலிங்கம் என்பவர் கார் வயரிங் கடை வைத்திருந்தார். முப்பது வயதுக்காரர், ஒல்லி, எப்போதும் ஒரு ஸ்குரூ டிரைவரைக் காதில் செருகியிருப்பார். அவர் பழைய ஸ்பீக்கரைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். பின்னால் ஒரு சின்னக் காந்தம்; முன்னால் காகிதக் கூம்பு. காகிதத்தில் கிழிசல் இல்லை.

"இது ஒண்ணும் ஆகல அண்ணே. ஆனா ஒரே ஒரு ஸ்பீக்கர், அதுவும் கால் முட்டிக்குக் கீழ இருந்தா எப்படிக் கேக்கும்? கதவுல ரெண்டு போட்டுருவோம். காதுக்கு நேரா வரும்."

கதவின் உள்பலகையைக் கழற்றி, வட்டமாக அறுத்து, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஸ்பீக்கர்களை வைத்தார். கதவைத் திறந்து மூடும்போது அறுந்துவிடாமல் வயருக்கு ரப்பர் குழாய் மாட்டினார். மதியத்துக்குள் வேலை முடிந்தது. மரியராஜ் ரேடியோவைப் போட்டு, சத்தத்தை ஏற்றி, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு தர்மலிங்கத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மறுநாள் கோயிலுக்குப் போகும்போது அவர் ரேடியோவோடு சேர்ந்து பாடிக்கொண்டே ஓட்டினார். பின்சீட்டில் பத்து வயது மகள் ஜேன் கைதட்டிக்கொண்டு வந்தாள். நல்ல நாள் அது. அந்தக் காரில் அவர்கள் மூவரும் ஒன்றாகச் சந்தோஷமாக இருந்த நாள்களை எண்ணினால் அதை முதலில் சொல்ல வேண்டும்.

ஒன்றரை வருடம் போனது. சத்தக் குமிழ் மெல்ல மெல்ல வலப்பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. 1981இல் மரியராஜ் மறுபடியும் தர்மலிங்கத்திடம் போனார். கதவு ஸ்பீக்கரும் பழைய மாதிரியே ஆகிவிட்டது என்றார். இந்த முறை கேசட் போடுகிற ரேடியோவும், பின்சீட்டுக்கு மேலே கண்ணாடி ஓரப் பலகையில் முட்டை வடிவத்தில் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களும் வந்தன. கதவில் இரண்டு, பின்னால் இரண்டு. தோட்டத்துச் சின்னக் கடை முன்னால் காரை நிறுத்திக் கேசட்டைப் போட்டால் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் கடைசி வீடுவரை கேட்டது. நாலு ஸ்பீக்கர் மரியராஜ் என்ற பேர் அப்போதுதான் வந்தது.

பின்சீட்டில் உட்காரும் ஜேனின் தலைக்கு ஒரு சாண் பின்னால்தான் அந்த ஸ்பீக்கர்கள் இருந்தன. அவள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போக ஆரம்பித்தாள்.

"கொஞ்சம் கொறைங்களேன், புள்ளைக்குத் தலைய வலிக்குதாம்," என்று கேதரின் சொன்னால் குறைப்பார். இரண்டு மைல் போவதற்குள் கை தானாகக் குமிழுக்குப் போய்விடும். கேதரின் அதை ஆம்பளைகளின் பைத்தியம் என்று எடுத்துக்கொண்டாள். குடிக்கிறவனையும் குதிரைப் பந்தயத்துக்குப் போகிறவனையும் பார்க்கும்போது இது எவ்வளவோ தேவலை என்று நினைத்தாள்.

முதலில் கண்டுபிடித்தது ஜேன்தான். ஆனால் அவளுக்கு அது விளையாட்டாக இருந்தது. ஒருநாள் கேசட் முடிந்து கார் அமைதியாக இருந்தபோது, பின்னாலிருந்து, "ம்மா, கணக்குல நான் ஃபெயில்," என்றாள். சாதாரணக் குரலில்தான் சொன்னாள். கேதரின் திடுக்கிட்டுக் கணவரைப் பார்த்தாள். மரியராஜ் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. ஜேன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதற்குப் பிறகு அப்பாவுக்குத் தெரியக்கூடாத எதையும் அவள் காரில், அவருடைய முதுகுக்குப் பின்னால் வைத்துத்தான் அம்மாவிடம் சொன்னாள்.

கோயிலிலும் தெரிந்தது. பாட்டுக்குழுவை நடத்திய ஜோசபின் டீச்சர் ஒரு ஞாயிறு கேதரினைத் தனியாக அழைத்து, "அண்ணன் சுருதிக்குக் கீழ போறாரு. என்னன்னு தெரியல. அவரைப் பாத்துச் சொல்ல எனக்கு மனசு வரல," என்றார். பிறகு மரியராஜைப் பின்வரிசையில் நிற்கச் சொன்னார்கள். தனிப்பாட்டு வேறொருவருக்குப் போனது. "ஆர்கன் சரியில்ல. சத்தமே வர்றதில்ல," என்று மரியராஜ் சொல்லிக்கொண்டார். அந்த வருடம் கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவர் பாட்டுக்குழுவுக்குப் போகவில்லை.

1982 ஜூலையில் தர்மலிங்கம் அந்தக் காரில் கடைசியாகக் கைவைத்தார். ஸ்பீக்கர்களுக்குக் கூடுதல் பலம் கொடுக்கும் பூஸ்டர் பெட்டி ஒன்றையும், முன்கண்ணாடியின் இரு ஓரங்களிலும் விரற்கடை அளவில் இரண்டு சின்ன ஸ்பீக்கர்களையும் மாட்டினார். பாட்டில் வரும் ஜால்ரா, சலங்கை, 'ச', 'ஸ' போன்ற கூர்மையான ஓசைகளைத் தனியே எடுத்துக் கொடுப்பவை அவை. மாட்டி முடித்து, கேசட்டைப் போட்டு, காருக்குள் உட்கார்ந்திருந்த மரியராஜைப் பார்த்தார்.

"எப்படி அண்ணே?"

மரியராஜ் சின்ன ஸ்பீக்கரின் பக்கம் குனிந்தார். "இதுல கனெக்‌ஷன் விட்டுப்போச்சு தம்பி. ஒண்ணும் வரல."

தர்மலிங்கம் எதிர்ப்பக்கக் கதவைத் திறந்து தலையை நுழைத்தார். சலங்கை ஓசை ஊசியாகக் காதைக் குத்தியது. அவர் தலையை வெளியே எடுத்துவிட்டார். பிறகு மற்ற ஸ்பீக்கர்களின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, அந்தச் சின்ன ஸ்பீக்கர்களை மட்டும் பாட விட்டார்.

"இப்ப?"

"இப்ப ஒண்ணுமே வரல."

கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் நின்ற இடம்வரை கேட்டது. தர்மலிங்கம் கேசட்டை நிறுத்தினார். மரியராஜுக்கு நேர் எதிரே வந்து, முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. ஸ்பீக்கர்ல கோளாறு இல்ல. மொதல்ல கழட்டுனோமே, அந்தக் கம்பெனி ஸ்பீக்கர், அதுலயும் கோளாறு இல்ல. நீங்க ஆஸ்பத்திரிக்குப் போய்க் காதக் காட்டுங்க."

"என் காதுக்கு என்ன?"

"நீங்க என் வாயப் பாத்துத்தான் பேசுறீங்க. எனக்கு இப்பத்தான் புரியுது."

மரியராஜ் கூலியைக் கொடுத்துவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு அந்தக் கடைக்கு அவர் போகவே இல்லை.

தர்மலிங்கம் சொன்னது பொய் என்று அவர் நினைக்கவில்லை. உள்ளுக்குள் அவருக்கே தெரிந்திருந்தது. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போனால் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். சீட்டு ஆபீசுக்குப் போனால், காது கேட்காதவனை இயந்திரத்தில் நிறுத்த மாட்டார்கள். நாற்பத்து நாலு வயதில் புல்வெட்டும் கூட்டத்தில் போய்ச் சேர வேண்டும். ஸ்டோரில் யாரும் யாரோடும் வாயால் பேசுவதில்லை, எல்லாம் கைச்சாடைதான், கண் இருந்தால் போதும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். கேதரினிடமும் சொல்லவில்லை. ஏழு மாதம் அப்படியே போனது.

1983 பிப்ரவரி, ஒரு திங்கட்கிழமை காலை. இயந்திரத்தின் முன்னால் நின்று ஒட்டுப்பாலை உருளைக்குள் தள்ளிக்கொண்டிருந்தவள் பாப்பம்மா. முப்பத்திரண்டு வயது, மரம் சீவும் முனியாண்டியின் மனைவி, ஆறு வருடமாக அந்த வேலையில் இருப்பவள். இயந்திரத்தை நிறுத்தும் பிடி பக்கவாட்டில், மரியராஜ் நிற்கும் இடத்தில் இருந்தது. அன்று தண்ணீர்க் குழாயில் ஏதோ அடைத்துக்கொண்டது. அவர் திரும்பிக் குனிந்து குழாயைத் தட்டிக்கொண்டிருந்தார். பிடி அவருடைய முழங்கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

பாப்பம்மாவின் கையுறை பாலில் ஒட்டி உருளையோடு போனது. கையுறையோடு கை போனது.

வெளியே முற்றத்தில் ஒட்டுப்பால் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் சத்தம் கேட்டு ஓடிவந்தார்கள். நாற்பது அடி தூரம், நடுவில் ஒரு செங்கல் சுவர். அதைத் தாண்டி ஓடிவந்த பெண் ஒருத்திதான் மரியராஜின் தோளைப் பிடித்துத் திருப்பினாள். அவர் திரும்பிப் பார்த்தார். ஒரு கணம் எதுவும் புரியாமல் நின்றார். பிறகு பிடியை இழுத்தார்.

அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரியில் பாப்பம்மாவின் வலக்கையை முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து ஆபீசில் விசாரித்தார்கள். தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி ஜெரார்ட் தட்டச்சு இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மரியராஜோடு ஒரே கோயிலுக்குப் போகிறவர்.

"இயந்திரச் சத்தத்துல கேக்கல, அப்படித்தானே?" என்று அவரே கேட்டார்.

மரியராஜ் அவருடைய உதடுகளைப் பார்த்தார். "ஆமா," என்றார்.

அது எழுதப்பட்டது. உருளைக்கு மிக அருகில் கையைக் கொண்டுபோனது பாப்பம்மாவின் கவனக்குறைவு என்றும் எழுதப்பட்டது. மரியராஜ் கையெழுத்துப் போட்டார்.

அந்த ஞாயிறு அவரும் கேதரினும் அலோர் ஸ்டாருக்குப் போனார்கள். கேதரின் ஆரஞ்சுப் பழம் வாங்க வெளியிலேயே நின்றுவிட்டாள். மரியராஜ் முதலில் வார்டுக்குள் போனார். பாப்பம்மா கட்டிலில் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தாள். கட்டுப்போட்ட தோள் போர்வைக்கு வெளியே தெரிந்தது. அவர் பக்கத்தில் போய் நின்றார். அவள் சுவரைப் பார்த்தபடியே ஏதோ சொன்னாள்.

"என்ன பாப்பம்மா?"

அவள் மறுபடியும் சொன்னாள். அவருக்கு விளங்கவில்லை.

"என்ன சொன்ன? கொஞ்சம் இந்தப் பக்கம் பாத்துச் சொல்லு."

அவள் மெல்லத் திரும்பினாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. இந்த முறை அவருக்குத் தெரிந்தது.

"உங்க பேரச் சொல்லித்தான் கூப்பிட்டேன் அண்ணே. மூணு தடவ கூப்பிட்டேன்."

மரியராஜ் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பாப்பம்மா அவருடைய கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண் தன் வாயைத் தவிர வேறெங்கும் போகவில்லை என்பதைக் கவனித்துவிட்டாள்.

"உங்களுக்குக் காது கேக்கலையா?"

அவர் ஆமென்று தலையசைத்தார்.

"எப்பருந்து?"

"மூணு நாலு வருஷமா."

"தெரிஞ்சுக்கிட்டா அங்க நின்னீங்க?"

பாப்பம்மா மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கேதரின் பழத்தோடு வந்தபோது அவர் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் பெண்டாங் என்ற ஊரைத் தாண்டியதும் வயல் ஓரத்தில் காரை நிறுத்தினார். அறுப்பு முடிந்து வயல் காய்ந்து கிடந்தது. கேதரின் என்னவென்று கேட்டாள். அவர் எஞ்சினை அணைத்துவிட்டு அவள் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"கேத்தி, எனக்குக் காது போயிருச்சு. சுங்கை பட்டாணிக் கடைக்காரத் தம்பி போன வருஷமே சொன்னான். நான் மறைச்சுட்டேன்."

கேதரின் வயல்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எனக்குந் தெரியும்," என்றாள்.

"என்ன?"

"எனக்கும் தெரியும்னு சொன்னேன். முழுசாத் தெரியாது. பாதி தெரியும். ஜேனுக்கும் தெரியும். நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்துட்டேன்."

"அந்தப் பொண்ணு கத்துனது வெளிய நின்னவங்களுக்குக் கேட்டுச்சு. எனக்குக் கேக்கல. நான் ஆபீஸ்ல பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்டுருக்கேன்."

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"மாத்திச் சொல்லணும்."

கேதரின் அழுதாள். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. வீட்டைப் பற்றியும் ஜேனின் படிப்பைப் பற்றியும் அவளுக்குக் கவலை இருந்தது. அதையும் அவள் சொல்லவில்லை.

மறுநாள் மரியராஜ் கிராணியிடம் போனார். ஜெரார்ட் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"பேப்பர் போயிருச்சு மரியராஜ். சும்மா இரு லா. இப்ப நீ மாத்திச் சொன்னா அந்தப் பொண்ணுக்குக் கை வந்துருமா? உன்னைத்தான் புடிப்பாங்க. கேஸாகும். வேலை போயிரும்."

"அவ மேல தப்புன்னு எழுதியிருக்கு."

"யார் மேலயாவது எழுதித்தானே ஆகணும்."

"என் மேல எழுதுங்க. இத்தனை வருஷத்துல ஒரு தடவகூட யாரும் எங்க காதப் பாத்ததில்ல, ஒரு துண்டு பஞ்சு குடுத்ததில்லன்னும் எழுதுங்க."

ஜெரார்ட் எழுதவில்லை. மரியராஜ் வீட்டுக்கு வந்தார். பதினாலு வயது ஜேன் மலாய் மொழியில் நன்றாக எழுதுவாள். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, தான் சொல்வதை எழுதச் சொன்னார். காரில் ஸ்பீக்கர் மாற்றிய கதையையும் விடாமல் சொன்னார். 'தெரிந்தே நின்றேன்' என்ற இடம் வந்ததும் ஜேன் பேனாவைக் கீழே வைத்தாள். அவர் பேனாவை எடுத்து மறுபடியும் அவள் கையில் கொடுத்தார். அரசாங்கத் தொழிலாளர் இலாகாவுக்கு எழுதிய அந்தக் கடிதத்தை அவரே சுங்கை பட்டாணிக்குப் போய்த் தபாலில் போட்டார்.

மூன்று மாதம் கழித்து அரசாங்க அதிகாரிகள் இரண்டு பேர் வந்தார்கள். இயந்திரத்தை அளந்தார்கள், பெண்களிடம் கேட்டார்கள், மரியராஜை அலோர் ஸ்டாருக்கு அனுப்பிக் காதைச் சோதிக்க வைத்தார்கள். இரண்டு காதிலும் நரம்பு செத்துவிட்டது, இனித் திரும்பாது, எந்த மருந்தும் இல்லை என்று டாக்டர் சொன்னார். காதில் வைக்கும் கருவியை மாட்டிப் பார்த்தார்கள். இரைச்சல்தான் கூடியது, வார்த்தை கூடவில்லை. பாப்பம்மாவின் கவனக்குறைவு என்ற வரி அடிக்கப்பட்டது. அவளுக்கு வரவேண்டிய நஷ்டஈடு கொஞ்சம் கூடியது. உருளைக்கு முன்னால் கம்பி வலை வைத்தார்கள். மரியராஜைப் புல்லுக்கு மருந்தடிக்கும் கூட்டத்துக்கு மாற்றினார்கள். கேஸ் எதுவும் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவர் ஒருமுறை கேதரினிடம் சொன்னார்.

அவர் உண்மையைச் சொன்னார் என்பதைவிட, என்ன உண்மை என்பதுதான் தோட்டத்துக்கு முக்கியமாக இருந்தது. "பாட்டுக் கேக்க நாலு ஸ்பீக்கர் போட்டவனுக்கு ஒரு பொம்பள கத்துனது கேக்கலையாம்," என்று கடையில் பேசினார்கள். அவர் முன்னாலேயே பேசினார்கள். காதில் விழாது என்ற தைரியம். வாயைப் பார்த்தால் அவருக்கு விளங்கும் என்று பலருக்குத் தெரியாது.

முனியாண்டி ஒரு மத்தியானம் வந்தான். கையில் மண்வெட்டிக் கம்பு. மரியராஜ் வீட்டுக்குப் பின்னால் விறகு பிளந்துகொண்டிருந்தார். முனியாண்டி முன்பக்கம் நின்று காரின் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக உடைத்தான். லயத்துச் சனம் வெளியே வந்து நின்று பார்த்தது. ஜேன் ஓடிப்போய் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துவந்தாள். அவர் வந்து நின்றபோது இன்னும் ஒரு கண்ணாடி பாக்கி இருந்தது. முனியாண்டி அவரைப் பார்த்தான். அதையும் உடைத்தான். மரியராஜ் தடுக்கவில்லை. கம்பைப் போட்டுவிட்டு முனியாண்டி குந்தி உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டான். கேதரின் அவனுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் வாங்கிக் குடித்தான்.

கண்ணாடிச் சில்லுகளைப் பெருக்கித் தள்ளிய பிறகு மரியராஜ் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போய்க் கதவிலும் பின்பலகையிலும் இருந்த ஸ்பீக்கர்களையெல்லாம் கழற்றி விற்றார். கண்ணாடி போட அந்தப் பணம் உதவியது.

1984 மார்ச்சில் முனியாண்டி மறுபடியும் வந்தான். இந்த முறை கேதரினைக் கேட்டு வந்தான். பாப்பம்மாவுக்குப் பொய்க்கை பொருத்த மாதம் ஒருமுறை அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். காலை எட்டு மணிக்குள் போயாக வேண்டும். அந்த நேரத்துக்குத் தோட்டத்திலிருந்து பஸ் கிடையாது. டாக்சிக்காரன் உள்ளே வர மாட்டேன் என்கிறான்.

"அவருகிட்ட நான் கேக்க மாட்டேன்," என்றான். "நீங்க சொல்லுங்க அக்கா."

பாப்பம்மா பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். யாரையும் பார்க்கவில்லை. கேதரின் முன்னால் உட்கார்ந்தாள். தோட்டத்து மண் ரோட்டைத் தாண்டி, தார் ரோட்டில் ஏறி, விடியும் வரைக்கும் யாரும் பேசவில்லை. பெண்டாங் பக்கம் வந்ததும் பாப்பம்மா பேச ஆரம்பித்தாள். குரலை உயர்த்தவில்லை. கதை சொல்வதுபோல ஒரே சீராக, மரியராஜின் முதுகைப் பார்த்துப் பேசினாள். இடது கையால் பிள்ளைக்குத் தலைவாரத் தெரியவில்லை என்றாள். புருஷன் கிட்டே வருவதில்லை என்றாள். இல்லாத விரல்கள் இன்னும் வலிக்கின்றன, உருளைக்குள் இருப்பது மாதிரியே வலிக்கின்றன என்றாள். பிறகு அவரைச் சபித்தாள். அவருடைய கண்ணையும் கையையும், பெற்ற பிள்ளையையும் சேர்த்துச் சபித்தாள். ஊர் எல்லை வரும்வரை நிறுத்தவில்லை. மரியராஜ் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். கேதரின் மடியில் கையைக் கோத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டாள்.

பாப்பம்மா ஆஸ்பத்திரிக்குள் போன பிறகு மரியராஜ் காரை மர நிழலில் நிறுத்தினார்.

"பாப்பம்மா ஏதோ பேசிட்டு வந்துச்சு. கண்ணாடியில வாய் அசையிறது தெரிஞ்சுது. என்ன சொல்லுச்சு?"

"நெல்லு விளைச்சல் நல்லாருக்குன்னு சொல்லுச்சு," என்றாள் கேதரின்.

"அவ்வளவு நேரமா?"

"ஆமா."

அடுத்த மாதம் புறப்படுவதற்கு முன் அவர் உள்கண்ணாடியைத் திருப்பி வைத்தார். பின்னால் வரும் வண்டி தெரிவதற்காக அல்ல. பின்சீட்டில் உட்காருபவரின் முகம் தெரிவதற்காக. கேதரின் அதைப் பார்த்தாள். பாப்பம்மா ஏறி உட்கார்ந்து நிமிர்ந்தபோது கண்ணாடிக்குள் அவருடைய கண்கள் தெரிந்தன. அவை அவளுடைய வாய்க்காகக் காத்திருந்தன.

அன்று அவள் பேசவில்லை. அதன் பிறகு பதினோரு மாதம் அந்தக் காரில் போய்வந்தாள். ஒருநாளும் வாயைத் திறக்கவில்லை.